பாஸ்டனில் இரண்டு மாதம் இருக்கப்போகிறேன்: துருவ ஒளி கண்ணில் படுமா?

வண்ணார்பேட்டை வாசி | 18 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் வணக்கம். மகள் குடும்பம் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறது. நானும் வீட்டுக்காரியும் செப்டம்பர் 10 கிளம்புகிறோம், நவம்பர் நடுவில் திரும்புவோம்.

இந்த மே மாதம் 10ஆம் தேதி ராத்திரி வந்த சூரியப்புயலில் அமெரிக்காவில் எங்கெங்கோ துருவ ஒளி தெரிந்ததாமே. மகள் அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டாள். காலையில் போனை எடுத்துப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ஒரு படம் வந்தது. பனிமலைக்கு மேலே வானத்தில் பச்சைத் துணியைக் காயப்போட்டது மாதிரி ஒளி தொங்கும். வருஷம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க விடாமல் வைத்திருந்தேன். இப்போது 63 வயதாகிறது.

பாஸ்டன் கடற்கரை நகரம், அட்சரேகை 42 பாகை. துருவமும் இல்லை, நம்ம ஊர் மாதிரி வெப்ப நாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருந்து பார்க்க உண்மையிலேயே வாய்ப்பு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முக்கூடல் | 18 ஆகஸ்ட் 2024

அண்ணாச்சி, அரோரா, அதாவது இந்தத் துருவ ஒளி பார்க்க ஐஸ்லாந்து, நார்வே போகணும். பாஸ்டனில் காத்திருப்பது வீண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரோம் நகரமும் 42 பாகையில்தான் இருக்கிறது, அங்கே யாரும் அரோராவுக்காக வானத்தைப் பார்ப்பதில்லையே?

கருங்குளத்து வாத்தியார் | 19 ஆகஸ்ட் 2024

தம்பி முக்கூடல் ரோமைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. விஷயமே அதில்தான் இருக்கிறது.

துருவ ஒளிக்குச் சாதாரண அட்சரேகை கணக்கில்லை, காந்த அட்சரேகைதான் கணக்கு. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் பிடித்து, காந்த முனையைச் சுற்றி ஒரு வளையமாக வளிமண்டலத்தில் இறக்குகிறது. அந்தக் காந்த அச்சு, பூமி சுழலும் அச்சோடு சேர்ந்து நிற்கவில்லை. 9 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருப்பது வட அமெரிக்கா பக்கம். தலைப்பாகையை ஒருச்சாய்த்துக் கட்டினால் ஒரு பக்கம் நெற்றிவரை இறங்கி வரும், மறுபக்கம் ஏறிக்கொள்ளும் அல்லவா, அப்படித்தான் இந்த ஒளி வளையம் அமெரிக்கா பக்கம் இறங்கியும் ஆசியா பக்கம் ஏறியும் இருக்கிறது.

பாஸ்டனுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். புவிக்காந்த முனை இருப்பது கனடாவின் வடகோடியில், மேற்கு 72, 73 பாகை தீர்க்கரேகையில். பாஸ்டன் இருப்பது மேற்கு 71 பாகையில். கிட்டத்தட்ட நேர் தெற்கு. அதனால் அந்த 9 பாகையும் முழுசாக அதற்குச் சேர்கிறது. 42 பாகை ஊர், காந்தக் கணக்கில் 51, 52 பாகை ஊராகிவிடுகிறது. ரோமுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே அட்சரேகை, ஆனால் துருவ ஒளிக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

நம்ம ஊர் நிலைமை இதற்கு நேர் எதிர். திருநெல்வேலி வடக்கு 8.7 பாகையில் இருந்தாலும் அதே சாய்வு நம்மைக் கீழே இறக்கி, காந்த நடுக்கோட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போவதால்தான்.

ஐயா, கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மெல்லிய தையல் ஊசி ஒன்றை நூலில் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சை நகர்த்தி நகர்த்தி, ஊசி மட்டமாக நிற்கும் இடம் கண்டுபிடித்து, அங்கே ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து இறுக்கிவிடுங்கள். காய்ந்ததும் ஒரு காந்தத்தால் ஒரே திசையில் முப்பது தடவை தேயுங்கள். நம் ஊரில் அது வடக்கு தெற்காகத் திரும்பும், ஆனால் மட்டமாகவே நிற்கும். அப்படியே தீப்பெட்டிக்குள் வைத்துப் பாஸ்டனுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டுப் பாருங்கள். என்ன ஆகிறது என்று இங்கே எழுதுங்கள், நான் சொல்லிவிட்டால் சுவை போய்விடும்.

செங்கோட்டைச் சாரல் | 19 ஆகஸ்ட் 2024

வாத்தியார் ஐயா சொன்ன பிறகு நான் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன்.

புவிக்காந்தப் புயல்களை ஜி1 முதல் ஜி5 வரை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். பாஸ்டனில் பார்க்க ஜி3 அல்லது அதற்கு மேல் வேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தரும் கணக்குப்படி, 11 ஆண்டுச் சூரியச் சுழற்சி ஒன்றில் ஜி3 வரும் நாட்கள் சுமார் 130, ஜி4 நாட்கள் 60, ஜி5 வெறும் 4. கூட்டினால் 4000 நாளில் 194 நாள், அதாவது இருபது நாளுக்கு ஒன்று.

அண்ணாச்சி இருக்கப்போவது 65 நாள். சராசரிக்கு மூன்று புயல் நாள் வரும். அதில் பாதி, பகல் வேளையில் வந்து யாருக்கும் தெரியாமல் போகும். மிச்சத்தில் பாதியை மேகம் தின்னும். ஒன்றுக்கும் குறைவாகத்தான் தேறுகிறது. ஆனால் சராசரி எல்லா வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டது. இப்போது 25ஆம் சுழற்சியின் உச்சக் காலம். தவிர, மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பூமி நிற்கும் கோணத்தால் காந்தப்புயல்கள் கூடுதலாக வரும். இரண்டும் உங்களுக்குச் சாதகம். என்னைக் கேட்டால் பாதிக்குப் பாதி. லட்சக்கணக்கில் செலவழித்து நாலு நாள் ஐஸ்லாந்து போனாலும் மேகம் மூடினால் மூடினதுதான்.

இன்னொன்று, போனில் அரோரா செயலிகள் கேபி எண்ணைக் காட்டும். கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்று மூன்று மணி நேரத்துக்கு உலகம் முழுக்கச் சேர்த்துப் போடும் கணக்கு. அது ஏறின பிறகு கிளம்பினால் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவீர்கள். நீங்கள் பார்க்கவேண்டியது பி-இசட் என்ற எண். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்குப் பார்த்திருக்கிறதா தெற்குப் பார்த்திருக்கிறதா என்பதை அது சொல்லும். தெற்கு, அதாவது கழித்தல் எண் என்றால், பூமியின் காந்தப்புலத்தோடு அது பிணைந்து கதவு திறக்கும். கழித்தல் 10, கழித்தல் 15 என்று இறங்கி அங்கேயே நின்றால் செருப்பை மாட்டுங்கள். இந்த அளவை எடுக்கும் விண்கலங்கள் சூரியப் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்-1 புள்ளியில் இருக்கின்றன. காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரம், 800 என்றால் அரை மணி நேரம். அவ்வளவுதான் அவகாசம்.

நம்முடைய ஆதித்யா எல்-1 கலமும் 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் சுற்றுகிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உவரிக்கடல் | 20 ஆகஸ்ட் 2024

நான் சரக்குக் கப்பலில் 27 வருஷம் வேலை பார்த்தவன். வட அட்லாண்டிக்கில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை பார்த்தபோது அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. ராத்திரி வாட்ச். வடக்கே அடிவானத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு, நீளமான மேகம் மாதிரி. மேகம்தான் என்று நினைத்து அரை மணி நேரம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் பார்த்தால் மேகத்துக்குள்ளே நட்சத்திரம் தெரிகிறது! மேகம் என்றால் நட்சத்திரத்தை மறைக்கும் இல்லையா. பிரிட்ஜில் இருந்த அதிகாரி டெக் விளக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகப் பழக அந்தச் சாம்பலில் இளம்பச்சை ஏறியது. திடீரென்று வளைவின் விளிம்பிலிருந்து குச்சி குச்சியாக ஒளி மேலே எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்தது. தென்னந்தோப்புக்குள் லாரி விளக்கு நகர்ந்தால் மரத்து நிழல்கள் ஓடுமே, அந்த ஓட்டம். பத்து நிமிஷம் இருக்கும். மறுபடி சாம்பல் வளைவாகப் படுத்துவிட்டது.

அதனால் அண்ணாச்சி, காலண்டர் படத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாம்பல் வளைவைப் பார்த்து மேகம் என்று ஏமாறவும் ஏமாறாதீர்கள். நட்சத்திரம் ஊடே தெரிகிறதா, அதுதான் சோதனை.

முக்கூடல் | 20 ஆகஸ்ட் 2024

ரோம் கணக்கில் தப்பு என்னுடையதுதான், வாத்தியார் ஐயா விளக்கம் அருமை.

ஒரு சந்தேகம். மே மாதம் லடாக்கில் தெரிந்தது என்றால், இன்னும் பெரிய புயல் வந்தால் கன்னியாகுமரியில் தெரியாதா? அதே மே மாதம் என் மச்சான் கயத்தாறு பக்கம் ராத்திரி எடுத்த போட்டோவில் அடிவானம் சிவப்பாக இருந்தது. அரோரா என்று ஊர் முழுக்க அனுப்பிவிட்டான்.

கருங்குளத்து வாத்தியார் | 20 ஆகஸ்ட் 2024

கயத்தாறில் காற்றாலை உச்சியில் எல்லாம் சிவப்பு விளக்கு எரியும் தம்பி. தாழ்வான மேகம் இருந்தால் அந்தச் சிவப்பு மேகத்தில் பட்டுத் தெரியும். மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தின் கேமராவில் மே மாதம் பதிவானது செந்நிற ஒளி மட்டும். ஏன் சிவப்பு மட்டும்? பச்சை, ஆக்ஸிஜன் அணு 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் விடும் ஒளி. சிவப்பும் அதே ஆக்ஸிஜன்தான், ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில். உவரிக்காரருக்கு இது உடனே பிடிபடும். திருச்செந்தூர்க் கரைக்குத் திரும்பும்போது முதலில் கோபுரத்தின் தலைதானே தெரியும், அடிவாரம் கடல் வளைவுக்குக் கீழே மறைந்திருக்கும். பச்சை அடிவாரம், சிவப்பு கோபுரத் தலை. 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது 1100 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்தால்தான் அடிவானத்துக்கு மேலே வரும். 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது 1900 கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். தெற்கே போகப் போகச் சிவப்புதான் மிஞ்சும்.

1859 செப்டம்பரில் வந்த பெரும்புயலில் கியூபா வரை துருவ ஒளி தெரிந்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி அன்று பதிந்த வீழ்ச்சியை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். 1872 பிப்ரவரிப் புயலின்போது பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது. ஆனால் கன்னியாகுமரி, திருநெல்வேலி என்றால் நாம் நிற்பது காந்த நடுக்கோட்டில். இங்கே காந்தக் கோடுகள் தரையிலிருந்து எழும்பாமல் தரைக்கு இணையாகவே போகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு வரும் துகள் நம் தலைக்கு மேலே இறங்க வழியில்லை.

அதற்காக நம் வானத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் நம் கிருஷ்ணாபுரத்திலேயே இருக்கிறது. கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவருக்கும் தெரியாது. காந்த நடுக்கோட்டில் மட்டும் பகல் நேரத்தில் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடும், அதை அளக்கத்தான் அந்த இடம். ராத்திரி வானம் தானாக விடும் மங்கல் ஒளியையும் அங்கே கேமரா வைத்துப் படம் எடுக்கிறார்கள். அது துருவ ஒளி இல்லை, கண்ணுக்கும் தெரியாது, ஆனால் அதே ஆக்ஸிஜன், அதே சிவப்பு.

பொருநைமகள் | 23 ஆகஸ்ட் 2024

சேரன்மகாதேவிக்காரி, பாஸ்டன் பக்கம் வந்து 12 வருஷம் ஆச்சு. சித்தப்பா, இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

கடற்கரை நகரம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்டன் கடல் நம்ம திருச்செந்தூர் மாதிரி கிழக்குப் பார்த்தது. உங்களுக்கு வேண்டியதோ வடக்கு. நகரத்துக் கடற்கரையில் நின்று வடக்கே திரும்பினால் அடுத்த ஊர் விளக்குதான் கண்ணைக் குத்தும். பாஸ்டனுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கேப் ஆன் என்று ஒரு நிலமுனை, மணப்பாடு குன்று மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வடகரையில் நின்றால் எதிரே இப்ஸ்விச் விரிகுடா, தண்ணீருக்கு மேலே வடக்கு வானம் முழுக்கத் திறந்து கிடக்கும். அங்கே பூங்காக்களை ராத்திரியில் பூட்டிவிடுவார்கள். அதனால் பகலில் ஒரு தடவை போய் எங்கே நிறுத்தலாம், எங்கே நிற்கலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும், இருட்டில் போய் இடம் தேடாதீர்கள்.

கடல் மூடுபனியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊருக்குள் நட்சத்திரம் மின்னும், கரையில் ஒன்றும் தெரியாது. அப்படி ஆனால் உள்நாட்டுப் பக்கம் பதினைந்து மைல் ஓட்டிவிடுங்கள். அக்டோபர் ராத்திரி குளிர் நம்ம மார்கழியோடு ஒப்பிட முடியாது. சித்திக்குக் காதை மூடும் தொப்பி, கையுறை கட்டாயம்.

காயல் கேமரா | 24 ஆகஸ்ட் 2024

போன் கேமரா போதும். இரவு முறையில் 3 நொடி, தாங்கியில் நிறுத்தினால் 10 நொடி வரை திறந்து வைக்கும். நம் கண் மங்கல் வெளிச்சத்தில் நிறம் பிரிக்காது, கேமரா பிரிக்கும். உவரி அண்ணாச்சி சாம்பல் என்று சொன்னது கேமராவில் பச்சையாக விழும். எனவே சந்தேகமாக எது தெரிந்தாலும் வடக்கே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஆனால் தயவுசெய்து திரையையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். திரும்பப் பழக இருபது நிமிஷம் ஆகும்.

வண்ணார்பேட்டை வாசி | 22 செப்டம்பர் 2024

பாஸ்டனிலிருந்து எழுதுகிறேன். இதுவரை இரண்டு ராத்திரி போய் நின்றோம். முதல் நாள் பி-இசட் இறங்கியே இருந்தது, நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலே ஏறிவிட்டது. இரண்டாவது நாள் பொருநைமகள் சொன்ன அதே மூடுபனி. மாப்பிள்ளைக்கு மறுநாள் வேலை, அதனால் உள்நாட்டுப் பக்கம் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்காரி திரும்பும் வழியில், இன்னும் அம்பது நாள் கிடக்கே என்றாள்.

செங்கோட்டைச் சாரல் | 9 அக்டோபர் 2024

அண்ணாச்சி, இதைப் பார்த்தால் உடனே மகளிடம் காட்டுங்கள். சூரியனில் இன்று எக்ஸ்1.8 அளவில் பெரிய வெடிப்பு. வெளியே வீசிய பிழம்பு நேராகப் பூமியைப் பார்த்து வருகிறது. ஜி4 எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். உங்கள் கணக்கில் 10ஆம் தேதி பகலுக்குள் வந்து மோதலாம். ராத்திரி வானம் தெளிவு என்று வானிலை காட்டுகிறது. இந்த வாய்ப்பை விடாதீர்கள்.

வண்ணார்பேட்டை வாசி | 11 அக்டோபர் 2024

பார்த்துவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானமே புயல் வந்து சேர்ந்துவிட்டது என்று மகள் சொன்னாள். பகலில் வந்ததைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது, ராத்திரிக்குள் அடங்கிவிடுமோ என்று. ஆறு மணிக்கு மேலே கிளம்பினோம். கேப் ஆன் போகும் வழியில் ஏழு மணி தாண்டி, பின்சீட்டில் இருந்த பேத்தி, தாத்தா வானம் சிவப்பா இருக்கு என்றாள். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, அந்தி என்றால் மேற்கில் இருக்கணும். இது வடக்கே, உச்சிவரை.

பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை வாகன நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பினாள் மகள். விளக்குக் கம்பம் எரிகிறது, தெற்கே அரை நிலா வேறு. அத்தனை வெளிச்சத்திலும் தெரிந்தது! செம்பருத்திப்பூவை இடித்துத் தண்ணீரில் கரைத்தால் வருமே, அந்த இளஞ்சிவப்பு. அதில் செங்குத்தாக வெள்ளைக் கோடுகள். கோடுகள் மெதுவாக நகர்ந்தன. கடைக்கு வந்தவர்கள் தள்ளுவண்டியைப் பிடித்தபடியே அண்ணாந்து நின்றார்கள். யாரென்றே தெரியாத ஒரு வயதான அம்மா என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு அந்த அம்மா பேசின ஒரு வார்த்தை புரிந்திருக்காது, இவளும் கையை விடவில்லை.

அப்புறம் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மங்கிவிட்டது. வடக்கே தண்ணீருக்கு மேலே உவரி அண்ணாச்சி சொன்ன அதே சாம்பல் வளைவு. ஊடே நட்சத்திரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இருந்தது. நிலா சாய்ந்து, பத்து மணிக்கு அப்புறம் மறுபடி எழும்பியது. இந்தத் தடவை கீழே பச்சை, மேலே சிவப்பு. கோபுரம் அடியிலிருந்து தெரிந்துவிட்டது வாத்தியார் ஐயா. மொத்தம் பதினைந்து நிமிஷம் இருக்கும். போனில் நாலு படம்தான் எடுத்தேன், மற்ற நேரமெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

உவரிக்கடல் | 11 அக்டோபர் 2024

அண்ணாச்சி, படித்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ரொம்பச் சந்தோஷம்.

கருங்குளத்து வாத்தியார் | 11 அக்டோபர் 2024

ஐயா, மனசு நிறைந்துவிட்டது. உங்களுக்குப் பட்டப்பகலில் அந்தப் புயல் மோதியபோது இங்கே இரவு ஒன்பது மணி வாக்கு. புயல் தொடங்கும் குதிப்பு உலகம் முழுக்கச் சில நிமிஷத்துக்குள் காந்தமானிகளில் பதியும். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் நம் மண்ணின் காந்தப்புலமும் அசைந்திருக்கிறது.

ஊசி என்ன ஆயிற்று?

வண்ணார்பேட்டை வாசி | 12 அக்டோபர் 2024

மறக்கவில்லை ஐயா, வந்த மறுநாளே தொங்கவிட்டேன். பாளையங்கோட்டையில் தட்டு மாதிரி மட்டமாக நின்ற ஊசி, இங்கே வடக்கு முனையைத் தரையைப் பார்த்துக் குத்திக்கொண்டு நின்றது. முடிச்சு நழுவியிருக்கும் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். நகப்பூச்சு அப்படியே இருக்கிறது. பேத்தி அதைத் தன் மேசைக்கு மேலே கட்டிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோகவேண்டும் என்றேன். தரமாட்டாளாம். வேறே ஊசி செய்துகொள் என்கிறாள்.